மார்ஜரி திருப்பிய கப்பல்

கடலோர ஊரான பிட்டன்வீமில் ரொட்டிக்கடை வைத்திருந்த ஆடம் க்ரீவுக்குத் தன் மகள் மார்ஜரியைக் கப்பல்காரருக்குக் கட்டிக்கொடுக்க இஷ்டமே இல்லை. "நம்ம ஊர் மீன்காரன்னா சாயங்காலம் வீட்டுக்கு வருவான். வராட்டி உடம்பாவது எங்கேயாவது ஒதுங்கும். சீனாவுக்குப் போறவனை நீ எந்தக் கரையில போய்த் தேடுவ?" என்று கேட்டார்.

"நான்தான் கூடவே போறேனேப்பா. எதுக்குத் தேடணும்?" என்றாள் மார்ஜரி.

சொன்னபடியே போனாள். அப்போது அவளுக்கு இருபத்தாறு வயது. மாவு மூட்டையைத் தனியாளாகத் தூக்கிப் பரணில் போடுகிற கை. அவளைக் கட்டிய கில்பர்ட் லோரிமர் அந்த வருஷம்தான் 'சோலன்' என்ற புதுக் கப்பலுக்குக் கேப்டன் ஆகியிருந்தார். சோலன் என்பது எங்கள் பக்கத்துக் கடல்பறவையின் பெயர். உயரத்தில் வட்டமிட்டுக்கொண்டே இருக்கும். மீனைக் கண்டதும் சிறகை மடக்கித் தலைகீழாகத் தண்ணீருக்குள் விழும். பெயர் வைத்த முதலாளிகளுக்கு அதன் வேகம் பிடித்திருந்தது. அது விழுவதை மாலுமிகள்தான் நினைத்துப் பார்த்தார்கள்.

வருஷா வருஷம் வைகாசி வாக்கில் சீனாவின் ஃபூச்சோ துறைமுகத்துக்குப் புதுத் தேயிலை வந்து இறங்கும். அதை ஏற்றிக்கொண்டு பத்துப் பன்னிரண்டு கப்பல்கள் ஒரே வாரத்தில் லண்டனுக்குப் புறப்படும். முதலில் வந்து சேரும் கப்பலின் தேயிலைக்குத்தான் விலை, அதன் கேப்டனுக்குத்தான் பேர். பாதி உலகத்தைச் சுற்றுகிற அந்த ஓட்டத்தின்மேல் லண்டனில் வண்டிக்காரன் முதல் பாதிரியார் வரை பந்தயம் கட்டியிருப்பார்கள்.

முதல் வருஷ ஓட்டத்தில் மார்ஜரிக்கு எல்லாமே வேடிக்கையாக இருந்தது. கப்பலின் பின்தளத்தில் இருந்த கோழிக்கூண்டைத் தன் பொறுப்பில் எடுத்துக்கொண்டாள். மாலுமிகளின் பேரையெல்லாம் தெரிந்துகொண்டாள். அதில் பீட்டர் இஸ்பிஸ்டர் என்று ஒரு ஷெட்லாந்துத் தீவுக்காரன் இருந்தான். ஓய்வு நேரத்தில் உட்கார்ந்து காலுறை பின்னுவான். அவள் பின்னியதை ஒருநாள் வாங்கிப் பார்த்துவிட்டு, "குதிகால்ல கோட்டை விட்டுட்டீங்கம்மா. இதைப் போட்டுக்கிட்டு நடந்தா கேப்டன் ஐயா நொண்டுவாரு" என்று சொல்லி, பிரித்துத் திரும்பப் பின்னிக் கொடுத்தான்.

மொரீஷியஸ் தாண்டித் தெற்கே போய்க்கொண்டிருந்தபோது பெரும் காற்று பிடித்தது. அந்தி நேரம். உச்சிப் பாயைச் சுருட்ட ஏறிய இஸ்பிஸ்டரின் கை வழுக்கிவிட்டது. மார்ஜரி அப்போது கீழே கேபினில் இருந்தாள். அவன் விழுந்ததை அவள் பார்க்கவில்லை, குரலைத்தான் கேட்டாள். அது கப்பலின் முன்பக்கம் தண்ணீரிலிருந்து கிளம்பி, பக்கப் பலகையோடு உரசிக்கொண்டே வந்து, அவள் ஜன்னலுக்குக் கீழாகக் கடந்து, பின்னால் போய்விட்டது. உயிருக்குப் பயந்து கத்துகிறவன் குரலாக இல்லை. தெருவில் போகிற தெரிந்தவரை வாசலில் நின்று கூப்பிடுகிற குரல் மாதிரி இருந்தது.

மேலே ஓடினாள். கேப்டன் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். "இந்தக் கடல்ல படகை இறக்கினா இன்னும் ஆறு பேர் போவாங்க. அப்படியே போகட்டும்" என்றார். சுக்கான் பிடித்திருந்த லீத் ஊர்க்காரர் ஹென்ட்ரி மியூர் அப்படியே பிடித்தார். மாலுமிகளில் ஒருவன்கூட அதைத் தப்பு என்று சொல்லவில்லை. மார்ஜரியும் சொல்லவில்லை. அந்த அலையை அவளும் பார்த்தாள்தானே.

மறுநாள் வழக்கப்படி செத்தவனின் பெட்டியைப் பாய்மரத்தடியில் வைத்து ஏலம் போட்டார்கள். அவன் பின்னல் ஊசிகளை மார்ஜரி எடுத்தாள். ஏலத்தில் அவளுக்கு எதிராக யாரும் கேட்கவில்லை.

அந்த வருஷம் சோலன்தான் முதலில் வந்தது. லண்டன் துறையில் வாத்தியம், கொடி, தொப்பிகள் ஆகாயத்தில். கில்பர்ட்டைத் தோளில் தூக்கிக்கொண்டு போனார்கள். கூட்டத்தின் சத்தத்துக்கு நடுவே மார்ஜரி ஒரு கையால் காதைப் பொத்திக்கொண்டு நின்றாள். சந்தோஷத்தில் அழுகிறாள் என்று பத்திரிகைக்காரர் ஒருவர் எழுதினார்.

அடுத்த வருஷம் ஒருவருக்கும் ஒன்றும் ஆகவில்லை. கப்பல் நாலாவதாக வந்தது. யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. மூன்றாம் வருஷம் ஆப்பிரிக்காவின் தென்முனைக்குப் பக்கத்தில் ஒரு அலை தளத்தின் மேலேறி, ப்ரொத்ரோ என்ற வேல்ஸ்காரப் பையனைத் துடைத்து எடுத்துக்கொண்டு போனது. தேட அங்கே எதுவுமே மிதக்கவில்லை. அந்த வருஷம் சோலன் மறுபடி முதல்.

நாலாவது வருஷம் ஃபூச்சோவில் தேயிலைப் பெட்டிகளை ஏற்றும்போதே மாலுமிகளின் பேச்சு ஒரு தினுசாக இருந்தது. மார்ஜரி பக்கத்தில் வந்தால் நிறுத்திக்கொள்வார்கள். வழியில் இருந்த அஞ்சேர் துறையில் கோழியும் வாழைப்பழமும் வாங்கிக்கொண்டு சுந்தா நீரிணையைத் தாண்டிய பிறகுதான் விஷயம் அவள் காதில் விழுந்தது. சமையலறைக்குப் பின்னால் கோழிக்குத் தவிடு எடுக்கப் போயிருந்தாள். உள்ளே ஜெம் ட்ரான்டரின் குரல் கேட்டது.

இந்த ட்ரான்டர் லண்டன் வாப்பிங்காரன். கப்பலில் அவனை யாருக்கும் ஆகாது. அவள் கோழிகள் இடுகிற முட்டையைத் திருடுவான். அவள் கேட்கும்படியே அவளுடைய பாவாடை நாடாவைப் பற்றிப் பாட்டுக் கட்டிப் பாடுவான்.

"கணக்கு சுலபம்டா. ஒருத்தன் போனா ஜெயிக்கிறோம். எல்லாரும் இருந்தா தோக்கிறோம். சரி, இந்தத் தடவை யாரு? ஒரு துண்டுப் புகையிலை, அவ்வளவுதான். தைரியமா வைங்க."

"வாயைக் கழுவுடா பாவி" என்றார் சமையல்காரர்.

"உங்க மேல வெச்சா பத்துக்கு ஒண்ணுண்ணே. நீங்கதான் அடுப்பை விட்டு நகரவே மாட்டீங்களே, கடல் எப்படி உங்களைத் தூக்கும்? மியூர் கிழவன் மேல வெச்சா ரெண்டுக்கு ஒண்ணு."

"உன் மேல எவனாவது வெச்சானா?"

"என் மேலயா? என்னைக் கடலே துப்பிரும்."

சிரித்தார்கள். ஆனால் புகையிலைத் துண்டுகள் பலகையில் வந்து விழுகிற சத்தமும் கேட்டது. மார்ஜரி தவிட்டுக் கூடையோடு நேரே கேபினுக்குப் போய்க் கணவரிடம் சொன்னாள். கோபப்படுவார், இல்லாவிட்டால் சிரிப்பார் என்று எதிர்பார்த்தாள். அவர் வரைபடத்தின் மேல் குனிந்தபடியே, "பொழுது போகாம எதையாவது பேசுவாங்க, விடு" என்றார். குரல் சாதாரணமாகத்தான் இருந்தது. கையிலிருந்த கவராயம் மட்டும் ஒரே இடத்தில் திரும்பத் திரும்பக் குத்திக்கொண்டிருந்தது.

அதற்குப் பிறகுதான் அவள் இன்னொன்றைக் கவனித்தாள். காவல் மாறுகிற வேளையில், ஒரு குழு கீழே போக மறு குழு மேலே வரும்போது, கில்பர்ட் படியருகே நின்று உதட்டுக்குள் எண்ணுவார். தலைக்கு ஒன்றாக எண்ணுவார். எண்ணி முடித்ததும் திரும்பிக் கடலைப் பார்ப்பார்.

"எதுக்கு எண்ணுறீங்க?" என்று ஒருநாள் கேட்டாள்.

"எல்லாரும் இருக்காங்களான்னு பாக்க வேண்டாமா?"

"இருக்காங்களா?"

"இருக்காங்க."

நல்ல பதில்தான். ஆனால் அதைச் சொன்னபோது அவர் முகத்தில் நிம்மதியைத் தேடினாள், கிடைக்கவில்லை. களைப்பு என்று நினைத்துக்கொண்டாள். அந்த ஓட்டத்தில் அவர் படுக்கையில் படுத்ததே கிடையாது. தளத்தில் ஒரு நாற்காலியைக் கயிற்றால் கட்டிப் போட்டுக்கொண்டு, உட்கார்ந்தபடியே கண்ணை மூடுவார். காற்று கொஞ்சம் திசை மாறினாலும் எழுந்துவிடுவார். கன்னம் ஒட்டி, கண் உள்ளே போய், கல்யாணத்தன்று ரொட்டிக்கடை வாசலில் நின்ற மனிதரை அதில் காண முடியவில்லை.

கப்பலுக்கும் என்னவோ ஆகியிருந்தது. கயிறு கட்டப் போகிறவன் பின்னால் யார் நிற்கிறார்கள் என்று பார்த்துவிட்டுப் போனான். ஏணியில் ஏறுகிறவர்கள் பேசாமல் ஏறினார்கள். ஒரு சாயங்காலம் காற்று பலகையோடு உரசிக்கொண்டு போனபோது, தளத்தில் இருந்த அத்தனை பேரும் வேலையை நிறுத்திவிட்டு நின்றதை மார்ஜரி பார்த்தாள். ஆக, காற்றில் இஸ்பிஸ்டரின் அந்தக் குரலைக் கேட்பது தான் மட்டுமில்லை என்று அப்போது அவளுக்குத் தெரிந்தது. ஒருவரும் ஒருவரையும் கேட்டுக்கொள்ளவில்லை.

தென்முனை தாண்டியது. யாரும் போகவில்லை. வியாபாரக் காற்றில் செயின்ட் ஹெலினா தாண்டியது. யாரும் போகவில்லை. அசோர்ஸ் தீவுகளுக்கு வடக்கே ஒரு காலையில் மூடுபனி விலகியபோது, வலப்பக்கம் பீரங்கிக் குண்டு எட்டுகிற தூரத்தில் ஒரு கப்பல் எல்லாப் பாயும் விரித்து வந்துகொண்டிருந்தது. டன்கெல்ட். ஃபூச்சோவில் சோலனுக்குப் பிறகு, கடல் ஏறிய அடுத்த ஓதத்தில் புறப்பட்ட கப்பல். அதற்குப் பிறகு ராத்திரி பகலாக இரண்டு கப்பலும் ஒன்றையொன்று விடவில்லை. டன்கெல்டின் சமையல்காரன் கழுநீர் கொட்டுவதைக்கூட இங்கிருந்து பார்க்கலாம்.

ஆங்கிலக் கால்வாய் வாயை நெருங்கும்போது நல்ல மேல்காற்று பின்னாலிருந்து தள்ளியது. முற்பகல், தெளிவான வெயில். பாய்களுக்கு இருபுறமும் கழிகளை நீட்டி இறக்கைப் பாய்களையும் கட்டியிருந்தார்கள். மார்ஜரி பின்தளத்தில் கோழிக்கூண்டைக் கட்டு அவிழ்த்து இழுத்துப் போட்டுக் கழுவிக்கொண்டிருந்தாள். முன்னால் இறக்கைப் பாயின் கயிறு ஒன்று சிக்கிக்கொள்ள, ட்ரான்டரைத் துணைக் கேப்டன் கழியின் மேல் அனுப்பினார். அவன் நுனிவரை போய்ச் சிக்கை எடுத்தான். கயிறு அறுந்தது. கழி சாட்டை மாதிரி உதறியது.

"ஆள் விழுந்தாச்சு!"

இந்தத் தடவை மார்ஜரி மேலேயே இருந்தாள். அந்தக் குரல் பலகையோடு வருவதைக் கேட்டாள். எட்டிப் பார்த்தாள். ட்ரான்டரின் முகம் நேர் கீழே கடந்தது. வாய் திறந்து, ஒரு கை மேலே. யோசிக்கவில்லை, கோழிகளோடு கூண்டைத் தூக்கி அவன் பின்னால் எறிந்தாள். பிறகு கணவரைப் பார்த்தாள்.

கில்பர்ட் வலப்பக்கக் கம்பியருகே அவளுக்கு முதுகு காட்டி நின்றார். டன்கெல்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். துணைக் கேப்டன் தளத்தின் நடுவில் நின்று கேப்டனின் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். சுக்கான் பிடித்திருந்த மியூரும் கேப்டனைத்தான் பார்த்தார். கப்பலில் இருந்த எல்லோரும் ஒரே ஆளைப் பார்த்தார்கள். காற்று நன்றாக அடித்தது. சோலன் அரைக் கப்பல் நீளம் முந்திக்கொண்டிருந்தது. எவ்வளவு நேரம் அப்படி நின்றார்கள் என்று பிற்பாடு அவளால் சொல்லவே முடிந்ததில்லை. ஒரு மூச்சாக இருக்கலாம். நாலு மூச்சாகவும் இருக்கலாம்.

சுக்கானிடம் போனாள். "திருப்புங்க."

"ஐயா சொல்லணும்மா."

"திருப்புங்க மியூர்!"

கிழவர் அசையவில்லை. மார்ஜரி சக்கரத்தின் கைப்பிடிகளைப் பற்றித் தன் முழுப் பாரத்தையும் போட்டு இழுத்தாள். முதலில் அவர் பலம் எதிரே நின்றது. பிறகு நிற்கவில்லை. பிறகு அவளோடு சேர்ந்து இழுத்தது.

அந்த வேகத்தில் அத்தனை பாயோடு ஒரு கப்பலைத் திருப்பினால் என்ன ஆகுமோ அது ஆனது. இறக்கைப் பாய்க் கழிகள் துப்பாக்கி வெடிப்பது போல ஒவ்வொன்றாக முறிந்தன. முன்மரத்தின் உச்சி ஒடிந்து கயிறுகளோடு தொங்கியது. பாய்கள் இடியாக அடித்துக்கொண்டன. அத்தனைக்கும் நடுவே கில்பர்ட்டின் குரல் எழுந்தது. "படகை இறக்கு! பின்பாயைச் சுருட்டு! ஓடுங்கடா!" தெளிவான, உறுதியான குரல். எங்கிருந்தோ திரும்பி வந்தவர் மாதிரி உத்தரவுகளைக் கொடுத்துக்கொண்டே இருந்தார். அவள் பக்கம் மட்டும் திரும்பவில்லை.

டன்கெல்ட் விடைபெறுகிற மாதிரி கொடியைத் தாழ்த்தி உயர்த்திவிட்டுப் போயே போய்விட்டது.

படகு வெகுநேரம் கழித்துத் திரும்பியது. ட்ரான்டர் கூண்டைக் கட்டிப் பிடித்தபடி உதடு நீலமாகிக் கிடந்தான். கூண்டுக்குள் கோழிகள் அத்தனையும் செத்திருந்தன. பிராந்தி ஊற்றித் தேய்த்ததும் கண் திறந்தவன், உடைந்த மரத்தைப் பார்த்தான், காலியான வலப்பக்கத்தைப் பார்த்தான். "அடப்பாவிகளா, நான் நம்ம கப்பல் மேலதானே பணம் கட்டியிருக்கேன்!" என்றான். அவளுக்கு அவன் நன்றி சொல்லவில்லை. அப்போதும் சொல்லவில்லை, பிறகும் சொல்லவில்லை. மாலுமிகளில் சிலர் அவளைக் கண்டால் தொப்பியைக் கழற்றினார்கள். சிலர் அவள் கடந்த பிறகு கடலில் துப்பினார்கள். தோற்ற பந்தயத்தில் பாதிச் சம்பளத்தை விட்டவர்கள் அவர்கள்.

டன்கெல்டுக்கு ஒரு ஓதம் பிந்தி லண்டன் சேர்ந்தார்கள். முதலாளிகளைப் பார்த்துவிட்டு வந்த கில்பர்ட், தங்கியிருந்த அறையில் தொப்பியைக் கழற்றாமலே உட்கார்ந்தார்.

"கப்பலை வேற ஆளுக்குக் கொடுக்கறாங்க" என்றார். பிறகு, "நான்தான் திருப்பச் சொன்னேன்னு சொல்லிட்டேன்" என்றார்.

"ஏன் அப்படிச் சொன்னீங்க?"

"சொல்லத்தான் போனேன், மார்ஜி. வாய் வரைக்கும் வந்துருச்சு. நீ முந்திட்ட."

மார்ஜரி அவர் முகத்தைப் பார்த்தாள். பொய் சொல்கிற முகமாக அது இல்லை. ஆனால் தனக்கே உறுதியில்லாத ஒன்றைச் சொல்லிப் பார்க்கிற முகமாகவும் இருக்கலாம். கப்பல் தளத்தில் அவள் பார்த்தது முதுகைத்தான்.

"தெரியும். நீங்க சொல்லியிருப்பீங்க" என்றாள்.

அந்தப் பேச்சை இருவரும் அதற்கப்புறம் எடுக்கவே இல்லை.

அடுத்த வருஷம் புதுக் கேப்டனின் கீழ் சோலன் முதலில் வந்தது. ஒரு ஆள்கூடக் குறையாமல் வந்தது. பிட்டன்வீம் துறையில் அந்தச் செய்தியைக் கேட்டு மார்ஜரி மீன்கூடைகளுக்கு நடுவே அப்படியே நின்றுவிட்டாள். அப்படியானால் ஜெயிப்பதற்கு ஒரு உயிர் விலை என்று ஒன்று இருந்ததே இல்லை. மாலுமிகள் நம்பினார்கள், அவ்வளவுதான். கில்பர்ட்டும் நம்பினாரா என்பதுதான் அவளுக்குத் தெரிய வேண்டியிருந்தது. இரண்டு வருஷம் கழித்து சோலன் தேயிலையோடு அஞ்சேரைத் தாண்டிப் போனதைப் பார்த்தவர்கள் இருக்கிறார்கள். அதன் பிறகு பார்த்தவர்கள் இல்லை. ஒரு பலகைகூட ஒதுங்கவில்லை. பழைய துணைக் கேப்டன் அதில் போயிருந்தார். ட்ரான்டர் போயிருந்தானா என்று மார்ஜரி விசாரிக்கவில்லை. விசாரித்திருந்தால் யாராவது சொல்லியிருப்பார்கள்.

கில்பர்ட்டுக்குத் தேயிலைக் கப்பல் மறுபடி கிடைக்கவில்லை. லீத்திலிருந்து பால்டிக் கடலுக்கு நிலக்கரி கொண்டுபோகிற அழுக்குக் கப்பலை ஓட்டினார். ஊரில் அவருக்கு நல்ல பேர். ஜெயிக்கிற பந்தயத்தை ஒரு திருட்டு மாலுமிக்காக விட்டுக்கொடுத்த மனிதர் என்று பாதிரியார் பிரசங்கத்திலேயே சொன்னார். அப்போது கில்பர்ட் பக்கத்தில் இருந்த மார்ஜரிக்குக் கேட்டது: அவர் முன்வரிசையிலிருந்து தலைகளை எண்ணிக்கொண்டிருந்தார். சர்ச்சில் எண்ணினார், சாப்பாட்டு மேஜையில் எண்ணினார், கல்யாண வீட்டில் எண்ணினார். ஒரு மாரிக்காலத்தில் நெஞ்சில் சளி கட்டிப் படுத்தபோது, சுவரைப் பார்த்து எண்ணினார். எண்ணிக்கை தப்பிக்கொண்டே போனது. முதலிலிருந்து ஆரம்பிப்பார். அப்படி ஒரு ஆரம்பத்தில்தான் நின்றுபோனார்.

அதற்குப் பிறகு மார்ஜரி தம்பியோடு சேர்ந்து ரொட்டிக்கடையைப் பார்த்துக்கொண்டாள். காற்றுக் காலத்தில் கடைச்சுவரின் முன்பக்கத்திலிருந்து பின்பக்கமாகக் காற்று உரசிக்கொண்டு போகும். மாவு பிசைகிற கை அப்போது நின்றுவிடும். ஜன்னலைத் தாண்டிப் போகும்வரை காத்திருந்துவிட்டு மறுபடி பிசைவாள். கடையில் வேலை செய்த பெண்கள் அதைக் கண்டுகொள்ளாமல் இருக்கப் பழகிவிட்டார்கள்.

ஒருநாள் லீத்திலிருந்து ஹென்ட்ரி மியூர் வந்தார். எண்பதைத் தொட்டுக்கொண்டிருந்த கிழம். ஊரில் யாரோ உறவுக்காரர் சாவுக்கு வந்தவர், கடை வாசலில் பேரைப் பார்த்து உள்ளே நுழைந்தார். அவள் அவரை அடுப்புப் பக்கம் உட்கார வைத்து, சூடான ரொட்டியும் பாலாடையும் வைத்தாள். பழைய பேரெல்லாம் பேசினார்கள். இஸ்பிஸ்டரின் குதிகால் பின்னலைப் பற்றிப் பேசும்போது கிழவர் சிரித்தார். அவர் சிரிப்பு அடங்கட்டும் என்று காத்திருந்து அவள் கேட்டாள்.

"அன்னைக்கு நான் பார்த்தது அவரு முதுகை. நீங்க முகத்தைப் பாத்தீங்க. அவரு திருப்பச் சொல்ல வந்தாரா, மியூர்?"

கிழவர் ரொட்டியைக் கீழே வைத்தார். கடையில் வாங்க வந்தவர்கள் பேசுகிற சத்தம் கேட்டது.

"சுக்கான் பிடிக்கிறவன் பாய் ஓரத்தைத்தான் பாக்கணும்மா. நான் அதைத்தான் பாத்துக்கிட்டு இருந்தேன்."

"அவரைப் பாத்துக்கிட்டு இருந்தீங்க."

"வயசாயிருச்சு. எனக்கு எதுவும் நெனப்புல நிக்கிறதில்ல."

"இஸ்பிஸ்டர் பின்னலு நெனப்புல இருக்கே."

கிழவர் அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டார். பிறகு, "சக்கரத்தை முதல்ல எதுத்துப் பிடிச்சேன், அப்புறம் பிடிக்கலைம்மா. அது மட்டும் எனக்குத் தெரியும்" என்றார்.

மார்ஜரிக்கு மேலே கேட்கத் தோன்றவில்லை. கிழவரிடம் இருந்தது எதுவாக இருந்தாலும் இத்தனை வருஷம் அவரும் அதைச் சுமந்துகொண்டுதான் இருந்திருக்கிறார். ரொட்டியை எடுத்து அவர் கையில் கொடுத்தாள். "ஆறிப்போகுது, சாப்பிடுங்க" என்றாள்.

வண்டி வரும்வரை அவரை வாசலில் தனியாக நிற்கவிடவில்லை. மழை தூறிக்கொண்டிருந்தது. தன் சால்வையை அவர் தலைக்கு மேல் பிடித்துக்கொண்டு நின்றாள். வண்டி கிளம்பியதும் கிழவர் ஜன்னல் வழியே ஏதோ சொன்னார். சக்கரச் சத்தத்தில் அது கேட்கவில்லை. அவள் கையை உயர்த்திக் காட்டிவிட்டு, அடுப்பில் ரொட்டி கருகுகிறது என்று உள்ளேயிருந்து தம்பி கூப்பிட்டதும் திரும்பிப் போனாள்.